முன்வரிசைக்காரியின் வைக்கோல் தொப்பி

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் கோபிக்கிற ஆள் இல்லை. "ஏன் என்ர பேரை எழுதினனீர்?" என்று கேட்கமாட்டார். "ஏன் முதல் வரியில எழுதேல்லை?" என்றுதான் கேட்பார். எங்களுக்கு அவர் அக்கா. வேலை செய்த இடத்து வெள்ளைக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவருடைய பெயர் என்றே சிலர் கடைசிவரை நினைத்திருந்தார்கள்.

நான் பிறவியிலேயே கடைசி வரிசை. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கு, கோயிலில் தூணுக்குப் பின்னால், கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டறைக் கதவடி. கடைசி வரிசையில் பல வசதிகள் உண்டு. ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எழும்பிப் போனாலும் தெரியாது. அக்கா இதற்கு நேர்மாறு. எந்த இடமானாலும் முதல் வரிசையில் ஒரு கதிரை தனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பி நடப்பார். காத்திருக்காவிட்டால் அது கதிரையின் பிழை.

நாங்கள் இருவரும் இங்கிலாந்தில், மிச்சம் என்ற ஊரில், ட்ராம் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு தொழிற்பேட்டையில் வேலை செய்தோம். நாடகங்களுக்கும் டிவி தொடர்களுக்கும் பழைய காலத்து உடுப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் இடம் அது. நான் பெண்களின் மேற்சட்டைகளுக்குக் கொக்கி தைப்பேன். முதுகுப் பக்கத்துக் கொக்கி. என் குணத்துக்குப் பொருத்தமான வேலை. அக்காவுக்குத் தொப்பி மேசை. விக்டோரியா ராணி காலத்துப் பெண்கள் தாடைக்குக் கீழே நாடா கட்டிப் போட்டார்களே, முகத்தைச் சுற்றிக் குகை மாதிரி நிற்கும் வைக்கோல் தொப்பி, அந்தப் பொனட்தான் அவருடைய சிறப்பு.

யாராவது, "ஊரில பனையோலை இழைச்ச பழக்கமோ?" என்று கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்ர கையால ஒரு பெட்டி இழைச்சதில்லை. அப்பா தபால் கந்தோர். நான் படிச்சது கொமர்ஸ். தொப்பி தைக்கப் பழகினது குறொய்டனில, மாலை வகுப்பில. அதுவும் முன்வாங்கில இருந்து" என்பார். கேட்டவர் அதற்குப் பிறகு பனையைப் பற்றிப் பேசமாட்டார்.

அந்த வைக்கோல் மாட்டுக்குப் போடுகிற வைக்கோல் அல்ல. கோதுமைத் தாளை ஒடுக்கமான நாடாவாகப் பின்னிச் சுருள் சுருளாக அனுப்புவார்கள். காய்ந்திருக்கும்போது வளைத்தால் முறிந்துவிடும். அதனால் ஒரு பேசின் தண்ணீரில் ஊறப் போட்டு, ஈரத்தோடு தைக்கவேண்டும். உச்சியின் நடுவிலிருந்துதான் தொடக்கம். நாடாவின் நுனியை ஒரு சிறிய சுழியாகச் சுருட்டி, அதைச் சுற்றி அடுத்த சுற்று, அதன் விளிம்பில் பாதி ஏறி அடுத்த சுற்று என்று வட்டம் விரியும். அந்த முதல் சுழிக்கு அக்கா வைத்த பெயர் பிள்ளையார் சுழி. நாளடைவில் வேர்க்ரூம் என்ற எங்கள் தையல் கூடத்தில் எல்லாரும், கறுப்பர் வெள்ளையர் பேதமில்லாமல், அதைப் பிள்ளையார் சுழி என்றே சொன்னார்கள்.

தைத்ததை மரத் தலையில் மாட்டி, ஜெலற்றின் பசை பூசி, ஈரத் துணி வைத்துச் சூட்டுப் பெட்டியால் அழுத்துவார். காய்ந்ததும் தொப்பி விறைத்து நிற்கும். பிறகு முன்மடலின் விளிம்பில் கம்பி, உள்ளே பட்டு, முகத்தைச் சுற்றிச் சுருக்குத் துணி, பின்கழுத்தை மறைக்க ஒரு சிறிய திரைத்துணி, கடைசியில் நாடாவும் பூவும். மரத் தலைகள் பல அளவுகளில் அலுமாரியில் இருந்தன. இருப்பதில் பெரிய தலைக்கு அக்கா வைத்த பெயர் குட்மேய்ஸ் அத்தான். குட்மேய்ஸில் இருந்த தன் கணவரின் அண்ணனைத்தான் சொன்னார். "இண்டைக்கு அத்தானுக்குக் குண்டூசி குத்துற நாள்" என்று சொல்லி அந்தத் தலையை மேசைக்கு எடுக்கும்போது முகம் மலர்ந்திருக்கும்.

காலையில் நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். மேல்தட்டு, முன்கண்ணாடியை ஒட்டிய சீட் அவருடையது. ஒருநாள் ஒரு கோட்டுக்காரர் அதில் ஒரு பக்கம் தானும் மறுபக்கம் தன்னுடைய பையுமாக இருந்தார். பின்னால் எத்தனையோ சீட் காலி. அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, பைக்கும் டிக்கெட் எடுத்தீர்களா என்று இங்கிலீஷில் மிக மரியாதையாகக் கேட்டார். பை மடிக்குப் போனது. நான் வெட்கத்தில் பின்னுக்குப் போய் இருந்தேன். இறங்கும்போது, "பின்னுக்கு இருந்து என்னத்தைப் பாத்தனீர்?" என்று கேட்டார். "உங்களைத்தான்" என்றேன். "அது வீட்டிலயும் பாக்கலாம்" என்றார்.

அவருடைய கணவர் இறந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போன மனிதர், மாரடைப்பு, திரும்பி வரவில்லை. அந்த வருடமே கோயிலில் திருவிளக்குப் பூசை வந்தது. சுமங்கலிகள் வரிசையாக இருந்து விளக்கேற்றும் பூசை. அக்கா தன் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போய் முதல் வரிசையில் இருந்துவிட்டார். கோயில் நிர்வாக சபையைச் சேர்ந்த ஒரு அம்மா வந்து குனிந்து, இது உங்களுக்கு இல்லையே பிள்ளை என்று பக்குவமாகச் சொன்னார். அக்கா திரியைத் தூண்டிக்கொண்டே, "விளக்கு எரியுதோ எண்டு மட்டும் பாருங்கோ அம்மா" என்றார். விளக்கு எரிந்தது. அந்த அம்மா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால்.

ஆனால் ஒன்றில் மட்டும் அவர் எனக்குப் புதிராக இருந்தார். பொட்டு வைப்பார், கலர் சீலை உடுப்பார், பூ மட்டும் வைக்கமாட்டார். ஐயர் கொடுக்கும் பிரசாதப் பூவைக் கண்ணில் ஒற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைச் சரம் வைத்த ஆள். இவ்வளவு துணிந்தவர் இதற்கு மட்டும் ஏன் பயப்படுகிறார் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பயமோ? ஆருக்கு?" என்றார். "ஆக்களுக்குக் காட்டுறதுக்காக நான் பூ வைக்க மாட்டன். வைக்கோணும் எண்டு எனக்கு வாற அண்டைக்கு வைப்பன்."

அந்த நாள் வருமா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

எங்கள் வேர்க்ரூமுக்குத் தலைவி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவரை ஹெட் என்போம். நல்ல மனுஷி, ஆனால் எப்போதும் இரண்டு வேலைக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பார். ஒருநாள் அப்படி ஓடுகிறபோது, ஒரு தொடரில் வரும் விதவைக்கு வைக்கோல் பொனட் வேண்டும், அலங்காரத்தை நீயே முடி என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா மூன்று நாட்களாக அதிலேயே இருந்தார். வெளுத்த வைக்கோல், வெள்ளைப் பட்டு உள்துணி, வெள்ளை நாடா, வெள்ளைச் சுருக்கு. பூ இல்லை. ஹெட் திரும்பி வந்து அதைக் கையில் எடுத்தார். ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெகு அழகு, அக்கா. ஆனால் இது கல்யாணப் பெண்ணின் தொப்பி" என்றார்.

எனக்கும் அக்காவுக்கும் விளங்கவில்லை. விதவை என்றார்கள், வெள்ளை போட்டோம். எங்கள் ஊரில் பிறந்த எவரிடம் கொடுத்திருந்தாலும் வெள்ளைதான் போட்டிருப்பார்கள். ஹெட் சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வெள்ளை மணப்பெண்ணுக்கு. விதவைக்குக் கறுப்பு, அதுவும் மினுக்கமில்லாத மங்கல் கறுப்பு. பூவும் கிடையாது, பளபளப்பும் கிடையாது, காலம் முடியும்வரை.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "காலம் முடியிறதோ?" என்று கேட்டார்.

முடியும் என்றார் ஹெட். இரண்டு வருடமும் சொச்சமும் போனால் சாம்பல் நிறம் போடலாம், கத்தரிப்பூ நிறம் போடலாம், பிறகு விருப்பப்பட்டால் பழையபடி எல்லாமே போடலாம். விரும்பாதவர்கள் கடைசிவரை கறுப்பிலேயே இருந்ததும் உண்டு.

ஹெட் அந்தப் பக்கம் போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "பாத்தீரே, வெள்ளையள் ஒரு தவணை வைச்சிருக்கினம். எங்கட ஆக்கள் அதையும் வைக்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கடைசி வரிசைக்காரருக்கு வரும் கோபம் எல்லாம் அப்படித்தான், முகவரி இல்லாதது.

விதவைக்குக் கறுப்பில் வேறொன்று செய்தார்கள். அந்தத் தொடரில் கல்யாணம் இல்லாததால் வெள்ளைத் தொப்பி மேசையில் மிஞ்சியது. ஹெட் விளையாட்டாக அதை எடுத்து அக்காவின் தலையில் வைத்து, நாடாவைக் கட்டி, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். பக்கத்திலிருந்து பார்த்தால் அக்காவின் முகமே இல்லை, வெறும் வைக்கோல்தான். பின்னாலிருந்து பார்த்தாலும் அப்படியே. ஹெட் சொன்னார், இந்தத் தொப்பிக்குள் இருக்கும் பெண்ணோடு பேசவேண்டுமென்றால் அவள் முன்னால் வந்து நிற்கவேண்டும், வேறு வழி இல்லை என்று.

அக்கா கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை நான் கொண்டு போகலாமோ?" என்று கேட்டார். நீ செய்ததுதானே, எடு என்றார் ஹெட்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மகள் மருந்தகத்தில் வேலை. மாப்பிள்ளை எட்மண்டன் பெடியன், கூடப் படித்தவன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். குட்மேய்ஸ் அத்தானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண அலுவல் கதைக்க அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நான் அன்று சும்மா போனவள், தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்க நின்றேன்.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தம்பி போன பிறகு மகளுக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவர்தான். பல்கலைக்கழகத்துக்குச் சாமான் ஏற்றிப் போனவரும் அவர்தான். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றால் மட்டும் அவருக்கு உதறல் எடுக்கும். அந்த நாலு பேரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"தாரை வாக்கிறதுக்கு நானும் இவவும் நிக்கிறம்" என்றார். "இவ செம்பைப் பிடிப்பா. நீர் மண்டபத்தில இருந்து ஆறுதலாப் பாரும்."

"எங்க இருந்து அத்தான்?"

"பின்னுக்கு, ஒரு பக்கமா. நாலு பேர் நாலு விதமாக் கதைப்பினம். பிள்ளையின்ர நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தகப்பன் கொடுக்க, தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்கவேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் சொல்கிறார். பிள்ளையைப் பெற்று, தகப்பன் இல்லாமல் தனியே வளர்த்தவள் சாப்பாட்டறைக் கதவடியில் இருந்து பார்க்கவேண்டுமாம். அந்த இடம் எனக்குத்தான் சரி. அக்காவை அங்கே வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "உடுப்பு?" என்றார்.

"வெள்ளை உடும். இல்லாட்டி ஒரு மங்கல் நிறம். தலையில பூ கீ ஒண்டும் வேண்டாம்."

"சரி அத்தான். வெள்ளையே உடுக்கிறன்."

குட்மேய்ஸ் அத்தானின் முகத்தில் நிம்மதி. அவருடைய மனைவி மட்டும் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

அவர்கள் போனதும் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "அம்மா, திஸ் இஸ் ரிடிக்யுலஸ். நான் பெரியப்பாவோட கதைக்கிறன்" என்றாள்.

"நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். அண்டைக்கு நீ மணவறையில இருக்கிற பொம்பிளை. சண்டை என்ர வேலை."

"எங்க சண்டை பிடிச்சனீங்கள்? ஓம் எண்டுதானே சொன்னீங்கள்."

"வெள்ளை உடுக்கிறன் எண்டுதான் சொன்னனான்" என்றார் அக்கா. "என்னட்ட வெள்ளை இருக்கு."

மறுநாள் இடைவேளையில் அந்த வெள்ளைத் தொப்பி மேசைக்கு வந்தது. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு அவர் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் பயந்துபோனேன். தொப்பியைப் பாதிவரை பிரித்தார். உச்சியை ஈரமாக்கி, இன்னும் சில சுற்று நாடா சேர்த்து ஆழமாக்கினார். பின்கழுத்துத் திரைத்துணியையும் அவிழ்த்துவிட்டு, முன்னையதைவிட நீளமாக ஒன்று தைத்தார். அக்காவின் கொண்டை ஒரு தேசிக்காய் அளவுதான். அதற்கு இவ்வளவு குழி எதற்கு என்று கேட்டேன்.

"காத்தோட்டத்துக்கு" என்றார்.

முகத்தைச் சுற்றிய சுருக்குக்குள் வைப்பதற்கு வெள்ளைப் பட்டுத் துண்டுகளில் மல்லிகை மொட்டுகள் செய்தோம். நான் வெட்டினேன், அவர் உருட்டிக் கட்டினார். அத்தான் பூ வேண்டாம் என்றாரே என்று நினைவுபடுத்தினேன். "தலையில வேண்டாம் எண்டவர். இது தொப்பியில" என்றார். சட்டத்தரணி மாதிரி அந்தப் பதிலை முன்பே தயார் செய்து வைத்திருந்தார்.

கல்யாணம் எட்மண்டனில் ஒரு மண்டபத்தில். நான் நேரத்தோடு போய்ச் சாப்பாட்டறைக் கதவடியில் என் இடத்தைப் பிடித்தேன். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசலால் வந்தார். வெள்ளைப் பட்டுச் சீலை, சரிகை இல்லை, நகையும் அளவோடு. எல்லாம் அத்தான் சொன்னபடி. அதற்கு மேலே வைக்கோல் பொனட், தாடைக்குக் கீழே வெள்ளை நாடா, முகத்தைச் சுற்றிப் பட்டு மல்லிகை. மண்டபத்தில் கதை அடங்கி, தவில்காரர் ஒரு அடி தவறவிட்டார். அக்கா நடு வழியால் நேரே போய் முதல் வரிசையில், மணவறைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

குட்மேய்ஸ் அத்தான் மணவறையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அக்காவின் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார். அக்கா அசையவில்லை. மறுபக்கம் போய்க் குனிந்தார். அக்கா நேரே பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஆரெண்டு தெரியேல்லை. முன்னுக்கு வந்து கதையுங்கோ."

அவர் முன்னுக்குத்தான் வரவேண்டியிருந்தது. வந்து நின்றதும் வீடியோக்காரனின் லைட் அவர்மேல் விழுந்தது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறக்காமல் பேசப் பார்த்தார். அந்த வரிசையில் இருந்த ஒருவர் பிறகு எனக்கு ஒப்புவித்தது இது.

"என்ன கோலம் இது?"

"வெள்ளை, அத்தான். நீங்கள் சொன்னதுதான்."

"பின்னுக்கு இருக்கிறவைக்கு மறைக்குது."

"அவையை முன்னுக்கு வரச் சொல்லுங்கோ. கதிரை கிடக்கு."

அதற்குள் மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டார். அவரும் அக்காவின் முன்னால்தான் நிற்கவேண்டியிருந்தது. தொப்பியைப் பார்த்துக் கண் விரிந்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். "தைச்சது. இருங்கோ சம்பந்தி, எல்லாம் வசதியோ?" என்றார் அக்கா. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் பார்க்க, சிலர் சிரிக்க, சிலர் இதைப்பற்றி ஊருக்கெல்லாம் போன் பண்ணச் சாட்சி வேண்டி. யார் வந்தாலும் முன்னால் வந்து, முகத்துக்கு முகம் நின்றார்கள். எல்லாரிடமும் அக்கா, வாங்கோ, சாப்பிட்டுத்தான் போகவேணும் என்றார். கல்யாண வீட்டில் வந்தவர்களை வரவேற்பது பொம்பிளையின் தாய் செய்கிற வேலை. கடைசியில் அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். குட்மேய்ஸ் அத்தான் மெல்ல மணவறைக்குத் திரும்பிப் போனார்.

ஐயர் தாரை வார்க்கப் பெரியவர்களைக் கூப்பிட்டார். அத்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய மனைவி செம்போடு பக்கத்தில் நின்றார். அக்கா கதிரையிலிருந்து எழுந்து மணவறைப் படியில் ஏறினார். தொப்பியை வைத்து எல்லாருடைய வாயையும் அடைத்தாயிற்று, இனி என்ன செய்யப்போகிறார் என்று எட்டிப் பார்த்தேன். தொப்பியோடு தாரை வார்ப்பதா என்று யாரோ எனக்குப் பக்கத்தில் முணுமுணுத்தார்கள்.

அக்கா தாடைக்குக் கீழே நாடாவை இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு கையாலும் தொப்பியைத் தூக்கி எடுத்தார்.

உள்ளே மல்லிகை. பட்டு அல்ல, நிஜ மல்லிகை. அந்தச் சின்னக் கொண்டையே தெரியாதபடி சரம் சரமாகச் சுற்றி, பின்கழுத்துவரை தொங்கிக்கொண்டிருந்தது. உச்சியின் ஆழமும் திரைத்துணியின் நீளமும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலில் பூவோடு வந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்கள். காலை முழுக்கச் சனம் தொப்பியோடு சண்டை பிடித்துக் களைத்துப் போயிருந்தது. பூவோடு சண்டை பிடிக்க ஒருவரிடமும் தெம்பு இல்லை.

அக்கா தொப்பியைக் கணவரின் அண்ணன் மனைவியிடம் நீட்டினார். "ரெண்டு கையாலயும் பிடியுங்கோ அக்கா. விளிம்பு நெளிஞ்சிடும்" என்றார்.

அந்தப் பெண் அக்காவின் தலையைப் பார்த்தார். தன் கணவரைப் பார்க்கவில்லை. செம்பை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அத்தான் ஐயரைப் பார்த்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "முகூர்த்தம் போகுது, தண்ணியை விடுங்கோ அம்மா" என்றார்.

மகள் தலையை நிமிர்த்தினாள். "அம்மா, பூ" என்றாள்.

"ஓம். வைச்சிருக்கிறன்" என்றார் அக்கா. தண்ணீரை வார்த்தார்.

குட்மேய்ஸ் அத்தான் கோபத்தில் சாப்பிடாமல் போனார் என்று சொன்னால் பொய். பாயாசம் இரண்டு தரம் வாங்கினார். அவருடைய மனைவி தொப்பியைச் சாப்பாட்டு மேசையில்கூட வைக்காமல், அக்காவைத் தேடி வந்து கொடுத்தார். "ஒரு நெளிவும் இல்லை, பாரும்" என்றார். இருவரும் சிறிது நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள்.

பிறகு அக்கா மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். ஆனால் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எனக்கென்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அக்கா தலை நிறையப் பூவோடு தண்ணீர் வார்க்கிறார். பக்கத்தில் ஒரு பெண் வெள்ளைப் பொனட்டைச் சாமிப் படம் தாங்குவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். பின்னால், மண்டபத்தின் கடைசியில், சாப்பாட்டறைக் கதவடியில், ஒருத்தி கதிரைமேல் ஏறி நிற்பது மங்கலாகத் தெரியும். அது நான்தான்.